வீட்டில் பியர் காய்ச்ச எந்த கேஸ் பர்னர்: ஐந்து வகைகளின் ஒப்பீடு

வீட்டில் பியர் காய்ச்சத் தொடங்கியவர்கள் அண்டாவை வாங்கிய பிறகு அடுத்ததாகத் தயங்கி நிற்கும் இடம் பர்னர்தான். விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது பி.டி.யு. என்ற எண், அதாவது பர்னர் மணிக்கு வெளியிடும் வெப்பத்தின் அளவு. அது 30,000, 55,000, 2,00,000 என்று ஏறிக்கொண்டே போவதால், எண் பெரிதாக இருந்தால் பர்னரும் நன்றாக இருக்கும் என்ற நினைப்பு தானாகவே வந்துவிடுகிறது. அந்த எண் பர்னரின் உச்ச வேகத்தை மட்டுமே சொல்கிறது. பியர் காய்ச்சும் நாளில் உச்ச வேகம் தேவைப்படும் நேரம் மிகக் குறைவு. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒரே சீராகக் கொதிக்க வைப்பதும், மாஷின், அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியமான மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் கலவையின், வெப்பநிலையை ஓரிரு டிகிரிக்குள் நிறுத்துவதும்தான் பர்னர் செய்ய வேண்டிய பெரும்பகுதி வேலை. ஆகவே இந்த ஒப்பீட்டில், ஒரு பர்னர் எவ்வளவு பெரிதாக எரியும் என்பதைவிட எவ்வளவு சிறிதாகவும் சீராகவும் எரியும் என்பதற்கே அதிக எடை கொடுத்திருக்கிறேன்.

## தேவைப்படும் வெப்பம் எவ்வளவு?

20 லிட்டர் பியர் கிடைக்க வேண்டுமானால், கொதிப்பு தொடங்கும்போது அண்டாவில் ஏறக்குறைய 26 லிட்டர் வோர்ட் இருக்க வேண்டும். வோர்ட் என்பது மால்ட்டிலிருந்து வடிந்த இனிப்புக் கரைசல். ஒரு மணி நேரக் கொதிப்பில் அதில் 4 லிட்டர் ஆவியாகிவிடும், மீதி, கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூக்களின் சக்கையோடும் அடி வண்டலோடும் போகும். ஊறும் தானியம் தன் பங்குக்கு 5 லிட்டரைக் குடித்துவிடுவதால், தொடக்கத்தில் ஊற்ற வேண்டிய தண்ணீர் 31 லிட்டராகிறது.

இந்தத் தண்ணீரை 20 டிகிரி செல்சியஸிலிருந்து 70 டிகிரிக்கு ஏற்ற 6,500 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மாஷ் முடிந்தபின் 66 டிகிரியில் இருக்கும் 26 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இன்னொரு 3,700 கிலோஜூல் ஆகும். அதன்பின் மணிக்கு 4 லிட்டரை ஆவியாக்க அண்டாவுக்குள் 2.5 கிலோவாட் இடைவிடாமல் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும், பக்கச் சுவர் வழியே வீணாவதையும் சேர்த்தால் 3 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளலாம். திறந்த வெளியில் எரியும் கேஸ் பர்னரின் வெப்பத்தில் பாதிக்கும் மேல் அண்டாவைச் சுற்றிக் காற்றோடு போய்விடும். 40 விழுக்காடு உள்ளே இறங்கினால் அது நல்ல அமைப்பு. ஆக, கொதிப்பைத் தாங்கிப் பிடிக்கத் தேவையான பர்னரின் அளவு 7.5 கிலோவாட், அதாவது 25,000 பி.டி.யு.வுக்குச் சற்று மேல். ஒரு கிலோவாட் என்பது மணிக்கு 3,412 பி.டி.யு.

இதற்கு மேல் உள்ள திறன் எல்லாம் சூடேற்றும் நேரத்தைக் குறைப்பதற்காக மட்டுமே பயன்படுகிறது. அது எவ்வளவு குறைகிறது என்று பார்ப்போம். அதே 40 விழுக்காடு உள்ளே இறங்குவதாகவும், அண்டாவின் சுவர் வழியே வீணாவதை விட்டுவிட்டும் கணக்கிட்டால், 10 கிலோவாட் பர்னரில் மேற்சொன்ன இரண்டு சூடேற்றங்களுக்கும் சேர்த்து 42 நிமிடம் ஆகும், 16 கிலோவாட் பர்னரில் 27 நிமிடம். 30 கிலோவாட்டில் எரித்தால், அதில் 35 விழுக்காடுதான் அண்டாவுக்குள் இறங்கும் என்று வைத்துக்கொண்டாலும், 16 நிமிடத்தில் முடிந்துவிடும். ஐந்தாறு மணி நேரம் நீளும் வேலையில் இந்தக் கால் மணி, அரை மணி நேரத்துக்காக எதை இழக்கிறோம் என்பதுதான் பர்னரைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள கேள்வி.

## எதை வைத்து எடைபோடுவது?

சிறுதீ. முழு வேகத்தில் எல்லா பர்னர்களும் நன்றாகத்தான் எரிகின்றன, தணிக்கும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. ஹாப்ஸ் போடும் நேரத்தில் நுரை அண்டாவின் விளிம்புக்கு ஏறிவரும், அப்போது சில நொடிகளில் தீயைக் குறைக்க முடிய வேண்டும். குறைத்த தீ மஞ்சளாகிக் கரி பிடிக்கக் கூடாது, சிறு காற்றுக்கு அணையவும் கூடாது. 52, 63, 72 டிகிரி என்று படிப்படியாக மாஷை ஏற்றுபவருக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் வெப்பம் எல்லை மீறினால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் செயலிழந்துவிடும், பிறகு ஆறவைத்தாலும் அவை மீளாது.

சுடரின் அகலம். ஒரே இடத்தில் குவியும் தீ, அண்டாவின் நடுவில் மால்ட் சர்க்கரையை அடிப்பிடிக்க வைக்கும். வோர்ட்டைச் சுண்டவைத்து விற்கும் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பாகை ஊற்றும்போது அது கரைவதற்கு முன் நேராக அடியில் போய்ப் படிவதால், எக்ஸ்ட்ராக்டில் காய்ச்சுபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். தீயை அணைத்துவிட்டு ஊற்றி, முழுவதும் கரையும்வரை கிளறிவிட்டு மறுபடி பற்ற வைக்க வேண்டும். துணிப்பையில் தானியத்தை ஊறவைப்பவர்கள் பை அடியைத் தொடாதபடி துளைத்தட்டு ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். மறுபுறம், அண்டாவின் அடியைவிட அகலமான சுடர் பக்கவாட்டில் ஏறி வெப்பமானியையும் வடிகுழாயின் வால்வையும் கருக்கும்.

இடம். எரிதல் முழுமையாக நடக்காதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமோ மணமோ கிடையாது, உயிரைப் பறிக்கும். சமையலறை அடுப்பைத் தவிர இங்கே பேசப்படும் எந்த பர்னரையும் வீட்டுக்குள் எரிக்கக் கூடாது. கதவைத் திறந்து வைத்த கார் ஷெட்டும் வெளி இடம் ஆகாது. புரொப்பேன் வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால், கசிந்தால் தரையோடு படர்ந்து தாழ்வான இடங்களில் தேங்கும். அதனால் அடித்தளங்களிலும் பள்ளமான முற்றங்களிலும் சிலிண்டர் பர்னரை வைப்பது சரியல்ல.

தாங்கி. நிறைந்த அண்டா 30 கிலோவுக்கு மேல் இருக்கும், 40 லிட்டர் காய்ச்சுபவருக்கு 60 கிலோவை நெருங்கும். அத்தனையும் கொதிக்கும் திரவம். கால்கள் விரிந்து நிற்கின்றனவா, மேற்புறச் சட்டம் அண்டாவின் அடியை முழுமையாகத் தாங்குகிறதா என்று பார்ப்பது பி.டி.யு.வைப் பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டியது. உயரமான தாங்கியில் வைத்தால் வோர்ட் தானாகவே நொதிகலத்துக்கு வடியும், பம்பு வேண்டாம். ஆனால் தானியப் பையை மார்பளவு உயரத்துக்குத் தூக்க வேண்டியிருக்கும்.

எரிபொருளும் ரெகுலேட்டரும். குறைந்த அழுத்த ரெகுலேட்டர்கள் 28 முதல் 50 மில்லிபார் வரையிலான ஏதோ ஒரு நிலையான அழுத்தத்தில் வாயுவைத் தருகின்றன. உயர் அழுத்த ரெகுலேட்டர்களை 10, 20 அல்லது 30 பி.எஸ்.ஐ. வரை திருப்பிக் கூட்டலாம், 30 பி.எஸ்.ஐ. என்பது ஏறக்குறைய 2 பார். ஒன்றுக்கான பர்னரை இன்னொன்றில் மாட்டக் கூடாது. பர்னரோடு வந்த ரெகுலேட்டரை மாற்றி வேகம் கூட்டப் பார்ப்பதும் அதே தவறுதான்.

## சமையலறை அடுப்பு

ஏற்கெனவே வீட்டில் இருப்பதால் இதற்குச் செலவே இல்லை என்று தோன்றும். 2 முதல் 4 கிலோவாட் வரை எரியும் இந்த அடுப்பு 10 அல்லது 12 லிட்டர் வரை நேர்மையாகவே வேலை செய்கிறது. 3 கிலோவாட் சுடரில் 12 லிட்டரை 66 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 25 நிமிடம் ஆகும், சிறுதீயும் மற்ற எந்த பர்னரையும்விட நன்றாக அமையும். 26 லிட்டரை இதில் ஏற்றினால் நிலைமை வேறு. 70 டிகிரியை எட்டவே ஒன்றரை மணி நேரம் போகும், கொதிநிலைக்கு இன்னொரு மணி நேரம் பிடிக்கும், அப்போதும் தளதளவென்று கொதிக்காமல் விளிம்பில் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். மூடி போட்டால் கொதிக்கும். ஆனால் வெளிறிய மால்ட்டில் காய்ச்சும்போது உண்டாகும் டைமெத்தில் சல்ஃபைடு ஆவியோடு வெளியேற வேண்டும் என்பதால் மூடியைத் திறந்துதான் வைக்க வேண்டும். இல்லையென்றால் பியரில் வேகவைத்த மக்காச்சோள வாடை நின்றுவிடும்.

அண்டாவை இரண்டு பர்னர்களுக்கு மேல் குறுக்காக வைப்பது பலர் கையாளும் வழி. அது வேலை செய்யும். ஆனால் பெரிய அடிப்பரப்பு வெப்பத்தைக் கீழே திருப்பிவிடுவதால் அடுப்பின் திருகுகள் உருகலாம், கண்ணாடி மேற்பரப்பு கொண்ட அடுப்பாக இருந்தால் எடை தாங்காமல் விரிசல் விடலாம். ஆவியாகும் தண்ணீர் முழுவதும் சமையலறையின் சுவரிலும் கூரையிலும்தான் படியும். புகைபோக்கி விசிறி இல்லாத வீட்டில் அதுவே ஒரு செலவாகிவிடும்.

சிறு அளவில் காய்ச்சிப் பழகுபவருக்கும், எக்ஸ்ட்ராக்டைப் பாதித் தண்ணீரில் கொதிக்க வைத்துவிட்டுப் பிறகு தண்ணீர் சேர்ப்பவருக்கும் இது போதும். அவர்கள் புது பர்னர் வாங்க வேண்டாம்.

## குறைந்த அழுத்த வளைய பர்னர்

வார்ப்பிரும்பில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டோ மூன்றோ வளையங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திருகு: இதுதான் இதன் அமைப்பு. 7 முதல் 15 கிலோவாட் வரை எரியும். வேகத்தை விரும்புபவர்கள் இதை எளிதில் ஒதுக்கிவிடுகிறார்கள். மேலே போட்ட கணக்கை வைத்துப் பார்த்தால், 20 லிட்டர் காய்ச்சுபவரின் தேவை முழுவதும் இந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

சூடேற்றும்போது எல்லா வளையங்களையும் எரிக்கலாம். கொதி வந்ததும் ஒன்றை அணைத்துவிடலாம். மாஷைத் தாங்கிப் பிடிக்க உள் வளையம் மட்டும் போதும். திறனைக் குறைக்க வாயுவின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டியதில்லை என்பதால், சிறுதீயிலும் சுடர் நீலமாகவே நிற்கிறது. சத்தமும் கிட்டத்தட்ட இல்லை, அதனால் அண்டாவில் கொதி வரும் ஓசை காதில் விழுகிறது, நுரை பொங்குவதற்கு முன்னரே கை திருகுக்குப் போகிறது. நாள் முழுக்க அடுப்பின் அருகில் நிற்பவருக்கு இது பெரிய நிம்மதி.

எரிவாயுச் செலவிலும் இது முன்னிற்கிறது. 20 லிட்டருக்குத் தேவையான வெப்பத்தில் பாதி, அந்த ஒரு மணி நேரக் கொதிப்பில்தான் செலவாகிறது. அப்போது தீயை அளவாக வைக்க முடிந்தால், 40 விழுக்காடு பயன்பாட்டில் ஒரு முறைக்கு 1.1 கிலோ புரொப்பேன் போதும். அதே வேலையை 30 விழுக்காட்டில் செய்யும் பர்னருக்கு 1.5 கிலோ ஆகும்.

குறைகளும் உண்டு. சுடர் மென்மையானது என்பதால் காற்று வீசும் முற்றத்தில் தடுப்பு இல்லாமல் இதை நம்ப முடியாது. தகரத்தில் மூன்று பக்கத் தடுப்பு செய்து வைக்கலாம், ஆனால் அது ரப்பர் குழாயின் மேல் வெப்பத்தைத் திருப்பிவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பல வளைய பர்னர்கள் தாங்கி இல்லாமலோ, மேசைமேல் வைக்கும் குட்டைக் கால்களோடோதான் விற்கப்படுகின்றன. அண்டாவின் எடையைத் தாங்கும் இரும்புச் சட்டம் தனியே செய்ய வேண்டி வந்தால், அது பர்னரின் விலையைத் தாண்டிவிடக்கூடும். 40 லிட்டருக்கு இதன் மேல்வரம்புத் திறன் தேவைப்படும், 10 கிலோவாட் வகை அங்கே விளிம்பில் தத்தளிக்கும்.

## குறுகிய தலை கொண்ட உயர் அழுத்த பர்னர்

உள்ளங்கையளவு வார்ப்பிரும்புத் தலை, 10 பி.எஸ்.ஐ. ரெகுலேட்டர், மூன்றோ நான்கோ கால் தாங்கி. எண்ணெயில் பொரிப்பதற்கென்று அலுமினியப் பாத்திரத்தோடு செட்டாகவும் விற்கப்படுகிறது. 15 முதல் 20 கிலோவாட் வரை கிடைக்கும், விலை குறைவு, எடையும் குறைவு. எடுத்துச் சென்று காய்ச்சுபவருக்கு இதைவிட வசதியானது இல்லை.

ஆனால் சுடர் நடுவில் குவிந்து சீறி எரியும். மெல்லிய எஃகு அண்டாவின் அடியில் அது ஒரு வட்டமான கருப்புத் தழும்பையே விட்டுவிடும். கனமான அல்லது அலுமினியம் இடையிட்ட அடி கொண்ட அண்டா இருந்தால் இந்தக் குறை பெருமளவு தணியும், ஆனால் அப்படிப்பட்ட அண்டாவின் விலையையும் கணக்கில் சேர்த்தால் மலிவு என்ற சிறப்பு மறைந்துபோகும். சத்தம் அதிகம், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். அழுத்தத்தைக் குறைத்தால் காற்று சரியாகக் கலக்காமல் சுடர் மஞ்சளாகும். அப்போது காற்றுத் துவாரத்தின் மூடியைத் திருப்பி மறுபடி நீலமாக்க வேண்டும், மறுபடி கூட்டும்போது மறுபடி திருப்ப வேண்டும். நேரடித் தீயில் மாஷைப் படிப்படியாக ஏற்றும் எண்ணம் இருப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொரிக்கும் செட்டாக வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் சில, குறிப்பிட்ட நிமிடங்களுக்கு ஒருமுறை பொத்தானை அழுத்தாவிட்டால் தானாக அணைந்துவிடும் டைமரோடு வருகின்றன. கொதிக்கும் எண்ணெய்க்கு அது தேவையான பாதுகாப்பு. ஒரு மணி நேரக் கொதிப்புக்கு அது தொல்லை. அதற்காக அதைக் கழற்றிவிட்டு எரிப்பது கூடாது, டைமர் இல்லாத வகையைப் பார்த்து வாங்குவதே சரி.

## பாஞ்சோ பர்னர்

25 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டையான வார்ப்பிரும்பு வட்டம், அதில் நிறையத் துளைகள், பக்கத்தில் நீளும் ஒரு கழுத்து. பாஞ்சோ என்ற இசைக்கருவியின் வடிவம் அது என்பதால் அந்தப் பெயர். 30 பி.எஸ்.ஐ.யில் முழுதாகத் திறந்தால் 2,00,000 பி.டி.யு., அதாவது 58 கிலோவாட் வரை போகும் என்று இதன் பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அந்த வேகத்தில் மணிக்கு 4.5 கிலோ புரொப்பேன் எரியும். திரவம் அத்தனை வேகமாக ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்ந்து, வெளியே பனி படிந்து, அழுத்தம் விழும், சுடரும் தானாகவே சிறுத்துவிடும். ஆகவே 9 கிலோ சிலிண்டரோடு அந்த எண்ணை நீண்ட நேரம் அனுபவிக்க வழியே இல்லை.

இதன் உண்மையான பலம் அகலம். கால் பங்கு வேகத்தில் எரிக்கும்போது அடிப்பரப்பு முழுவதும் வெப்பம் பரவும், அடிப்பிடிப்பது குறையும், சத்தமும் அடங்கும். 40 லிட்டருக்கும் அதற்கு மேலும் காய்ச்சுபவருக்கு இதுதான் சரியான கருவி. 52 லிட்டர் வோர்ட்டை 66 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு ஏற்ற 7,400 கிலோஜூல் வேண்டும். 10 கிலோவாட் பர்னரில் அரை மணி நேரம் ஆவது, இங்கே 30 கிலோவாட்டில் 12 நிமிடத்தில் முடிகிறது. அளவு பெரிதாகும்போதுதான் வேகத்துக்கும் மதிப்பு வருகிறது.

20 லிட்டர் அண்டாவுக்கு இது பெரிது. அடி 35 சென்டிமீட்டருக்குக் குறைவான பாத்திரத்தில் சுடர் பக்கவாட்டில் ஏறி, வால்வின் சீலையும் பார்வைக் குழாயையும் பாழாக்கும். வால்வுக்குக் கீழே வெப்பத் தடுப்புத் தகடு வாங்க வேண்டி வரும். வார்ப்பிரும்பு மழையில் துருப்பிடித்துத் துளைகளை அடைக்கும், பருவத்துக்கு ஒருமுறை கம்பித் தூரிகையால் சுத்தம் செய்வது தவிர்க்க முடியாத வேலை. மிகச் சிறிய தீயில் காற்று பட்டால் ஒரு பகுதி அணைந்து மறுபகுதி எரியும், அணைந்த பகுதியின் துளைகள் வழியே வாயு கசிந்துகொண்டிருக்கும். அதனால் இதைப் பற்ற வைத்துவிட்டு நகரக் கூடாது.

## குழாய் எரிவாயுவுக்கான பல்முனை பர்னர்

வீட்டுக்குக் குழாயில் வரும் இயற்கை எரிவாயுவின் அழுத்தம் 20 மில்லிபார் அளவில்தான் இருக்கும். ஒரு கன மீட்டரில் அடங்கிய வெப்பமும் புரொப்பேனில் உள்ளதில் ஐந்தில் இரண்டு பங்குதான். அதனால் பெரிய துவாரமுள்ள பித்தளை முனைகள் பத்து, இருபது என்று வட்டமாக அமைந்த பர்னர் தேவைப்படுகிறது. 20 கிலோவாட்டும் அதற்கு மேலும் எளிதாகக் கிடைக்கும். கொதிப்பின் நடுவே சிலிண்டர் தீர்ந்துவிடும் கவலை இல்லை என்பதே இதன் பெரும் ஈர்ப்பு.

செலவு பர்னரில் இல்லை. முற்றம் வரை போதிய விட்டமுள்ள குழாய் போட வேண்டும், மீட்டர் அத்தனை வாயுவை விடுமா என்று பார்க்க வேண்டும், உரிமம் பெற்ற பணியாளரை வைத்து இணைப்பு எடுக்க வேண்டும். புரொப்பேனுக்கான பர்னரின் ஜெட்டை (வாயு வெளிவரும் சிறு துளையை) மாற்றாமல் இதில் இணைத்தால் தீ பலவீனமாக இருக்கும். இதற்கான பர்னரைப் புரொப்பேனில் இணைப்பதோ ஆபத்து, பெரிய துவாரம் வழியே அளவுக்கு மீறிய வாயு கொட்டிப் பெருந்தீ எழும். சொந்த வீட்டில், ஒரே இடத்தில், அடிக்கடி காய்ச்சுபவருக்கு மட்டுமே இந்த முதலீடு திரும்ப வரும்.

## ஒரு பார்வையில்

| வகை | திறன் | பொருந்தும் அளவு | சிறுதீ | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| சமையலறை அடுப்பு | 2–4 கிலோவாட் | 12 லிட்டர் வரை | மிக நன்று | நேரம், ஆவி, திருகுகள் |
| வளைய பர்னர் | 7–15 கிலோவாட் | 20–30 லிட்டர் | மிக நன்று | தாங்கி, காற்றுத் தடுப்பு |
| குறுகிய உயர் அழுத்தம் | 15–20 கிலோவாட் | 20–40 லிட்டர் | சுமார் | கனமான அடி கொண்ட அண்டா |
| பாஞ்சோ | 58 கிலோவாட் வரை | 40 லிட்டருக்கு மேல் | நன்று, காற்று இல்லாதபோது | கூடுதல் எரிவாயு, வெப்பத் தகடு |
| பல்முனை | 20 கிலோவாட்டுக்கு மேல் | 20 லிட்டருக்கு மேல் | நன்று | குழாய் இணைப்பு |

## யாருக்கு எது

20 லிட்டர் காய்ச்சுபவர், காற்றைத் தடுக்க இடமிருந்தால், வளைய பர்னரை வாங்கலாம் என்பதே என் தெளிவான முடிவு. 12 கிலோவாட்டுக்குக் குறையாத, வளையத்துக்கு ஒரு திருகுள்ள வகையாகப் பார்க்க வேண்டும். 40 லிட்டருக்குப் போவது உறுதி என்றால் நேராக பாஞ்சோவுக்குப் போகலாம். என்றாவது ஒருநாள் போகலாம் என்ற நினைப்பு மட்டும் இருப்பவர் அதற்காக இன்றே பெரிதாக வாங்குவது, அந்த நாள் வரும்வரை ஒவ்வொரு முறையும் கூடுதல் எரிவாயுவுக்குப் பணம் கொடுப்பதாகும். திறந்தவெளி இல்லாத மாடி வீட்டுக்காரர் சமையலறை அடுப்பில் சிறு அளவில் காய்ச்சலாம், அது போதவில்லை என்றால் மின்சார அண்டாவைப் பார்க்க வேண்டும். அதில் 2.3 கிலோவாட் ஆனாலும் ஏறக்குறைய முழு வெப்பமும் வோர்ட்டுக்குள் இறங்குவதால், 6 கிலோவாட் கேஸ் சுடருக்கு அது ஈடாகிறது.

குளிர் மிகுந்த இடத்தில் காய்ச்சுபவர் பர்னரைவிட சிலிண்டரில் உள்ள வாயுவை முதலில் பார்க்க வேண்டும். புரொப்பேன் கழித்தல் 42 டிகிரியில் கொதிக்கிறது, பியூட்டேனோ கழித்தல் அரை டிகிரியில். உறைநிலையை ஒட்டிய காலையில் பியூட்டேன் சிலிண்டர் எந்த பர்னரையும் எரிய விடாது.

எந்த வகையை வாங்கினாலும் சில செலவுகள் பொதுவானவை. மாற்று சிலிண்டர் ஒன்று வேண்டும், ஏனென்றால் கொதிப்பின் நடுவில் வாயு தீர்ந்தால் ஹாப்ஸின் கசப்புக் கணக்கு கலைந்துவிடும். தீயிலிருந்து சிலிண்டரை விலக்கி வைக்கும் அளவுக்கு நீளமான குழாய் வேண்டும், ஒவ்வொரு முறையும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சில ரெகுலேட்டர்களில் மிகை ஓட்டத்தைத் தடுக்கும் அமைப்பு இருப்பதால், சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறந்தால் அது அடைத்துக்கொண்டு தீ பலவீனமாக எரியும். பர்னரில் கோளாறு என்று எண்ணித் திருப்பிக் கொடுப்பதற்கு முன், எல்லாவற்றையும் மூடிவிட்டு வால்வை மெதுவாகத் திறந்து பார்க்க வேண்டும். புது பர்னரின் மேல் பூசியிருக்கும் வண்ணம் முதல் முறை எரிக்கும்போது புகைந்து நாறும், அதை அண்டா இல்லாமல் ஒருமுறை எரித்து முடித்துவிட்டால் அந்தப் புகையில் முதல் பியர் சிக்காது.